டூபா எக்காளம் அன்று

சென்ற மாதம் புதுச்சேரியில் மேல்நாட்டு இசை பற்றிய ஓர் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வாசலில் கொடுத்த தாளில், 'சிகாகோவின் மாபெரும் எக்காளக் கலைஞர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ்' என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த மொழிபெயர்ப்பு என் கண்ணில் படுவது இது நான்காம் முறை. ஜேக்கப்ஸ் புகழ்பெற்றது டூபா என்ற, அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய உலோக ஊதுகருவியால். அது எக்காளம் அன்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'டூபா' என்பது ரோமப் படையினர் ஊதிய நீண்ட, நேரான ஊதுகருவி. குழாயைக் குறிக்கும் 'டூபுஸ்' அதன் உறவுச் சொல். இன்றைய டூபாவோ 1835இல் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் பிரஷ்யாவில் காப்புரிமை பெற்ற புதிய கருவி. பழைய பெயரை எடுத்துப் புதுப் பிள்ளைக்கு வைத்தார்கள். 

பிழை எங்கே நுழைந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. லத்தீன் விவிலியத்தில் 'டூபா' என்று வரும் இடத்தில் தமிழ் விவிலியம் 'எக்காளம் தொனிக்கும்' என்கிறது. அங்கே அது முற்றிலும் சரி. அந்தச் சமன்பாட்டை அப்படியே தூக்கி 1835இல் பிறந்த கருவியின் மேல் வைத்ததுதான் தவறு.

நான் கடலூர்க்காரன். திருப்பாதிரிப்புலியூரில் சாமி புறப்பாட்டின்போது எக்காளம் கேட்டு வளர்ந்தவன். ஆள் உயரத்துக்கு நீண்ட உலோகக் குழல். துளையில்லை, அழுத்துவதற்குக் கட்டையில்லை. அண்ணாந்து ஊதினால் தெருவின் மறுகோடியில் இருப்பவரும் சாமி வருகிறது என்று எழுந்து நிற்பார். அறிவிப்பதும் அழைப்பதும்தான் அதன் வேலை. டூபாவின் வேலை நேர் எதிரானது. எல்லாக் கருவிகளுக்கும் அடியில் கிடந்து இசையைத் தாங்குவது அது. அது ஒலிக்கும்போது பலர் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் தரை நழுவியதுபோல் இருக்கும். வீட்டின் கடைக்காலுக்குக் கோபுரக் கலசம் என்று பெயர் வைப்பார்களா?

ஒலியை விடுங்கள், சொல்லின் சுவையைப் பாருங்கள். நாளிதழைப் பிரித்தால், தேர்தலில் வென்றவர் தோற்றவரைப் பார்த்து 'எக்காளமிட்டார்' என்று இருக்கும். செருக்கும் ஏளனமும் அந்தச் சொல்லில் ஊறிப்போயின. அதைக் கொண்டுபோய் ஜேக்கப்ஸின் தலையில் சூட்டலாமா? 1915இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பதினைந்து வயதில் கர்ட்டிஸ் இசைப்பள்ளியில் சேர்ந்தவர். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் டூபா வாசித்தவர். ஆஸ்துமாவும் இருந்தது. அந்த மூச்சோடு, மூச்சை மிகுதியாகக் கேட்கும் கருவியை அவர் ஆண்டார். உலகெங்கிலுமிருந்து ஊதுகருவிக் கலைஞர்கள் அவரிடம் மூச்சுவிடக் கற்க வந்தார்கள். அவர் பாடத்தை இரண்டு சொற்களில் சுருக்குவார்கள்: பாட்டு, காற்று. மனத்துக்குள் பாடு, காற்றைத் தடையில்லாமல் ஓடவிடு, தசைகளை இறுக்காதே. 1998இல் மறைந்த பிறகும் அவர் மாணவர்களின் மாணவர்கள் இதையே சொல்லித் தருகிறார்கள். முறுக்கிக்கொண்டு ஊதாதே என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரை எக்காளக்காரர் ஆக்குவது அகராதிப் பிழை மட்டுமன்று, அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

'பெருங்குழல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் குழல் என்றதும் நம் காதில் கேட்பது கண்ணனின் புல்லாங்குழல். அங்கே காற்று துளையின் விளிம்பில் மோதி ஒலிக்கிறது. டூபாவில் அதிர்வது ஊதுபவரின் உதடு. 'பித்தளைக் கருவி' அதைவிட மோசம். பித்தளையால் ஆன சாக்சபோனை மேல்நாட்டார் மரக்கருவிகளோடு சேர்க்கிறார்கள், ஏனென்றால் அதில் அதிர்வது நாணல் சீவாளி.

நான் முன்வைப்பது 'பெருந்தூம்பு'. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர்கள் சுமந்துசெல்லும் கருவிகளுக்கிடையே 'கண்ணிடை விடுத்த களிற்றுயிர்த் தூம்பு' வருகிறது. யானை நெடுமூச்சு விட்டாற்போல் ஒலிக்கும் தூம்பு! டூபாவின் அடிக்குரலை இதைவிட யார் சொல்லிவிட முடியும்? உடனே 'டூபாவே தூம்பிலிருந்து வந்தது' என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒலி ஒத்திருப்பது தற்செயல். சங்ககாலத்தில் நம்மிடம் டூபா இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தூம்பு வேறு, இந்தக் கருவி வேறு. சொல் மட்டும் நமக்கு உதவுகிறது. ஏரியிலிருந்து நீரைச் சீராகத் திறந்துவிடும் மதகுக்கும் தூம்பு என்றே பெயர். காற்றை நீர்போல் ஓடவிடச் சொன்னவரின் கருவிக்கு இது பொருந்தும்.

கடற்கரைச் சாலையில் குடியரசு நாள் அணிவகுப்பு முடிந்ததும், பேண்டுக்காரர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து, மடியில் கிடந்த கருவியின் நீர்ச்சாவியை அழுத்தி, உள்ளே மூச்சு குளிர்ந்து தேங்கிய நீரை வடித்துக்கொண்டிருந்தார். "இதற்கு உங்களுக்குள் என்ன பெயர், தம்பி?" என்று கேட்டேன். "பேஸ் என்போம், ஐயா. டூபா என்றாலும் தெரியும்." எக்காளம் என்று சிலர் எழுதுகிறார்களே என்றேன். "அது கோயிலில் ஊதுவதாயிற்றே!" என்றார். தொழில் தெரிந்தவருக்கு அரை நொடியில் புரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் அவரைப்போல் ஒருவரிடம் கேட்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பேண்டும் 'இசைக்குழு', ஆர்க்கெஸ்ட்ராவும் 'இசைக்குழு', தேவாலயப் பாடகர்களும் 'இசைக்குழு'. பல கருவிகள் சேர்ந்தொலிப்பதற்குப் 'பல்லியம்' என்ற அழகான பழஞ்சொல் தூசி படிந்து கிடக்கிறது.

பெருந்தூம்பு பிடிக்காதவர்கள் டூபா என்றே எழுதட்டும். வழக்கில் ஊன்றிய கடன்சொல் தவறான தமிழ்ச்சொல்லைவிட மேல். கூட்டம் நடத்தியவர்களிடம் இதையெல்லாம் அன்றே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த தாள் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.