கர்ப்பிணியின் ரத்தத்தில் கொழுப்பு: எவ்வளவு தேவை, எப்போது ஆபத்து?

கர்ப்ப காலத்தில் ரத்தக் கொழுப்பு ஏறுவது நோயல்ல, ஏறத்தான் வேண்டும். கரு தங்கிய முதல் சில வாரங்களில் கொலஸ்ட்ராலும், ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் சற்றே இறங்கும். பிறகு ஏறத் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் ட்ரைகிளிசரைடு இரண்டு மடங்கையும் தாண்டிவிடும்.

இந்தக் கொழுப்புக்கு வேலை இருக்கிறது. பிரசவ நாள் வரும்வரை கருப்பை சுருங்காமல் காப்பது புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன். ஏறத்தாழ பத்தாவது வாரத்துக்குள் அதைச் சுரக்கும் பொறுப்பு சினைப்பையிலிருந்து நஞ்சுக்கொடிக்கு மாறுகிறது. அதன் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். நஞ்சுக்கொடியால் அதைப் போதிய அளவில் தானே தயாரிக்க முடியாது. தாயின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகள்களிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று நாம் ஒதுக்கும் அதே எல்டிஎல்!

சிக்கல் அளவில்தான்: அது மிகுந்தாலும் குறைந்தாலும் குறைப்பிரசவத்தோடு தொடர்பு காணப்படுகிறது. 37 வாரம் முடியும் முன்பே பிறந்தால் அது குறைப்பிரசவம். 2020-இல் உலகில் அப்படிப் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் கர்ப்பத்தின் 15-ஆவது வாரத்துக்கு முன் எடுத்த ரத்தத்தைச் சோதித்தபோது, குறைமாதத்தில் பிரசவித்தவர்களிடம் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் கூடுதலாக இருந்தன. ஆம்ஸ்டர்டாமில் சுமார் 4,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ராலைவிட ட்ரைகிளிசரைடே கவலை தந்தது: அது ஏற ஏற, கர்ப்பகால ரத்த அழுத்த நோயும், அதனால் மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க நேர்வதும் கூடின. மறுபுறம், அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் கொலஸ்ட்ரால் மிகக் குறைந்திருந்த தாய்மாரிடமும் குறைப்பிரசவம் அதிகம் காணப்பட்டது.

மிகுதியான கொழுப்பு எங்கே கெடுதல் செய்யக்கூடும்? கருப்பையின் உட்சுவரில் சுருள் சுருளாகத் தமனிகள் ஓடுகின்றன. முதல் இருபது வாரங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் இவற்றுக்குள் புகுந்து, தசைச்சுவரை அகற்றி, ரத்தம் தாராளமாகப் பாயும்படி விரிக்கின்றன. இந்த வேலை அரைகுறையாக நின்ற சில தமனிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், சுவரெங்கும் கொழுப்பை விழுங்கி உப்பிய நுரைச் செல்கள். மாரடைப்புக்காரர்களின் இதயத் தமனியில் தென்படும் அதே வகைச் செல்கள், இருபது வயதுப் பெண்ணின் கருப்பையிலும் இருக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பாதை குறுகினால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

ஆனாலும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து யாருக்குக் குறைப்பிரசவம் ஆகும் என்று கணிக்க முடியாது. லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் 'நார்மல்' அளவு பெரும்பாலும் கர்ப்பிணி அல்லாதவர்களுக்கானது. அதைப் பார்த்துப் பயந்து எண்ணெய், நெய், மீனையெல்லாம் நிறுத்திவிடாதீர்கள். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள்.