தொட்டியில் வளர்ந்த ஸ்டீல்ஹெட் ஆற்றில் ஏன் பின்தங்குகிறது?

"பொரிப்பகத்தில் (முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்க்கும் நிலையத்தில்) வளர்ந்த மீன்களையே தலைமுறை தலைமுறையாகத் தாய்மீன்களாக வைத்துக்கொள்வதால்தான் இனம் நலிகிறது என்றால், ஒவ்வோர் ஆண்டும் ஆற்றிலிருந்தே புதிய தாய்மீன்களைப் பிடித்து முட்டை எடுக்கலாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹூட் ஆற்றில் அதையே செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குச் சென்று திரும்பும் ரெயின்போ ட்ரவுட். நீலகிரியின் அவலாஞ்சிப் பண்ணையில் கடலையே காணாமல் வளர்வதும் இதே இனம்தான். ஹூட் ஆற்றில் பழைய பொரிப்பக இருப்பை, அதாவது தலைமுறைகளாகப் பொரிப்பகத்திலேயே பெருக்கப்பட்ட மீன்களைக் கைவிட்டு, 1990களில் அந்த ஆற்றின் மீன்களையே தாய்மீன்களாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவற்றின் குஞ்சுகள் பழைய இருப்பைவிட நன்றாகவே இனம் பெருக்கின.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் அப்போது பவர்டேல் அணை இருந்தது. முட்டையிட மேலேறும் மீன்கள் அங்கிருந்த பொறிக்கூண்டில் பிடிபட்டன. ஊழியர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் சில செதில்களை எடுத்துக்கொண்டு மேலே விட்டார்கள். செதிலின் வளையங்களில் மீனின் வயது தெரியும், அதிலுள்ள டி.என்.ஏ. தாய் தந்தையரைக் காட்டிக்கொடுக்கும். இந்தச் செதில்களைக் கொண்டு ஆய்வாளர்கள் ஹிதோஷி அராக்கி, மைக்கேல் ப்ளூயின் ஆகியோரின் குழு 2007இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரே பொரிப்பகத்தில் ஒரே தீனியைத் தின்று வளர்ந்த இரு வகை மீன்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு வகைக்குப் பெற்றோர் இருவரும் ஆற்றில் பிறந்தவர்கள். மற்றதற்கு ஒருவர் மட்டும் பொரிப்பகத்தில் வளர்ந்தவர். வளர்ப்பு ஒன்றே என்பதால், வேறுபாடு எதுவாயினும் அது மரபுவழி வந்ததாகவே இருக்க வேண்டும். இரண்டாம் வகை ஆற்றில் விட்டுச்சென்ற சந்ததி, முதல் வகையினதில் ஏறத்தாழ 55 சதவீதமே.

ஒரே தலைமுறையில் இவ்வளவு மாற்றம் எப்படி நேரும்? இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை மட்டும் பிழைத்துச் சந்ததி விடுவது, நடக்க வேண்டுமானால் சில மீன்கள் தோற்க வேண்டும். பொரிப்பகத்திலோ பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன. என்னை மிகவும் ஈர்த்த இடம் இதுதான். தேர்வு தொட்டியில் தொடங்கிக் கடலில் முடிகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ஆற்றில் பிறந்த மீன் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வளர்ந்த பிறகே கடலுக்கு இறங்கும். பொரிப்பகமோ ஓராண்டிலேயே அந்த அளவுக்கு வளர்த்து விட்டுவிடுகிறது. நெரிசலான தொட்டியில், மேலிருந்து விழும் தீனிக்குத் தயங்காமல் பாய்ந்து, வேகமாக வளரும் குடும்பங்களின் குஞ்சுகள் விடுவிக்கப்படும் நாளில் பெரியவையாக இருக்கும். கடலில் பெரிய இளமீன்களே அதிகம் பிழைக்கும். ஆகவே தொட்டியில் யாரும் சாகாவிட்டாலும், ஓரிரு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருபவற்றில் தொட்டிக்கு ஏற்ற குடும்பங்களே மிகுந்திருக்கும். அதே துணிச்சலும் பெருந்தீனி வேட்கையும் ஓடையில், தீனி அரிதாகவும் பறவைகள் காத்திருக்கவும் உள்ள இடத்தில், உயிருக்கு உலை வைக்கக்கூடியவை.

இதற்கு 2012இல் வந்த ஆய்வு வலுச் சேர்க்கிறது. ஒரே பொரிப்பகச் சூழலில் முட்டை எடுக்கப்பட்டபோது, பொரிப்பகத்தில் வளர்ந்த தாய்மீன்களுக்கு ஆற்றுத் தாய்மீன்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு பிள்ளைகள் வளர்ந்து திரும்பின. ஆற்றுத் தாய்மீன்களிலும், பொரிப்பகத்தில் அதிகம் வெற்றி பெற்றவற்றின் பிள்ளைகளே ஆற்றில் மிக மோசமாக இனம் பெருக்கின. 2016இல் இரு வகைப் பெற்றோரின் குஞ்சுகளை ஒப்பிட்டபோது 723 மரபணுக்களின் செயல்பாட்டில் வேறுபாடு தெரிந்தது. காயம் ஆறுதல், நோய் எதிர்ப்பு, வளர்சிதை மாற்றம் தொடர்பானவை அவற்றில் மிகுதி. நெரிசலான தொட்டி வாழ்வுக்கு இவை எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கவனியுங்கள்.

எனவே வாசகருக்கு என் பதில்: ஆற்றுத் தாய்மீன்களைக் கொண்டு தொடங்குவது நல்லது, ஆனால் போதாது. தூண்டில்காரர்கள் பிடித்துச் செல்வதற்கென்றே வளர்க்கும் மீன்களுக்குக் முதுகில் வாலருகே உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிடுகிறார்கள். பிடிபடாதவை ஆற்று மீன்களுடன் கலப்பதை இயன்றவரை தடுக்க வேண்டும். ஏனெனில், ஹூட் ஆற்றிலேயே பிறந்தும் பெற்றோர் இருவரும் பொரிப்பகத்தில் வளர்ந்தவர்களாக இருந்த மீன்களின் இனப்பெருக்கத் திறன், தூய ஆற்று மீன்களினதில் 37 சதவீதமாகவே இருந்தது. ஒருவர் மட்டும் அப்படியென்றால் 87 சதவீதம்.

இத்தனையும் தெரிந்தது 1991 முதல் செதில்களைச் சலிக்காமல் சேர்த்துவைத்ததால்தான். எத்தனை குஞ்சுகளை விட்டோம் என்ற கணக்குக்கு எளிதில் கிடைக்கும் பணம், அவற்றின் பேரப்பிள்ளைகள் எத்தனை திரும்பின என்று எண்ணுவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பவர்டேல் அணை 2010இல் அகற்றப்பட்டது. மீன்களுக்கு அது நன்மையே; ஆயினும் மேலேறும் மீன்களை நிறுத்திச் செதில் எடுக்க உதவிய அந்தக் கூண்டும் அதனோடு போயிற்று.