ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் வாங்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை பேசுங்கள்

போன தென்மேற்குப் பருவமழை சமயத்தில், ஒரு ஞாயிறு காலை வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி எனக்குப் போன் செய்தார். கணவர் ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் ஏறப் போயிருக்கிறார். அவர் சைக்கிளில் மாட்டிய ஜிபிஎஸ் கம்ப்யூட்டர் மூலம், அவர் இருக்கும் இடத்தை மனைவியின் போனில் காட்டும் புள்ளி முக்கால் மணி நேரமாக ஒரே வளைவில் நிற்கிறது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. பேசும்போதே அவருக்குக் குரல் நடுங்கியது. பதினொன்றரை மணிக்கு மேல் வால்பாறை டீக்கடை ஒன்றிலிருந்து கணவரே கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வழியில் செல்போன் சிக்னல் இல்லை, அவ்வளவுதான்.

கோவையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வழி பார்க்கும் இந்தக் கம்ப்யூட்டரை வாங்க வருபவர்கள், எந்த நிறுவனம், கார்மினா, வாஹூவா, பிரைட்டனா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுக்கு முன்னால் இதை விளக்கிவிடுவேன். கருவி தன் இடத்தைச் செயற்கைக்கோள்களிடமிருந்து தானே தெரிந்துகொள்கிறது, அதற்கு சிம் கார்டு தேவையில்லை. ஆனால் அந்த இடத்தை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலான கருவிகளில் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன்தான். கீழே விழுந்தால் தானாகத் தகவல் அனுப்பும் வசதியும் அப்படித்தான். போனுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் விழுந்தால் செய்தி போகாது. இந்த வசதியை நம்பி யாரும் காட்டுப்பாதையில் தனியாகப் போகாதீர்கள். எந்தப் பகுதியில் சிக்னல் இருக்காது, எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, கருவிக்கு வருவோம். என் பட்டறைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் பேட்டரியும் தண்ணீரும்தான்.

பெட்டியில் 15 மணி நேரம், 20 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது வெளிச்சத்தைக் குறைத்து, வழிகாட்டும் வரைபடம் ஓடாமல், சென்சார் அதிகம் இணைக்காமல் கிடைக்கும் கணக்காக இருக்கலாம். வாங்கியவுடன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், நீங்கள் வழக்கமாக ஓட்டுவது போலவே எல்லாவற்றையும் இயக்கி மூன்று மணி நேரம் ஓட்டுங்கள். 30 சதவீதம் இறங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 10 மணி நேரம். பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள், 400-க்கு 27, 600-க்கு 40. அப்படியானால் வழியில் பவர் பேங்க் போட வேண்டியிருக்கும்.

அங்கேதான் சிக்கல். ஒருவர் 400 கிலோமீட்டர் பிரெவேயில் இரவு மழையில் சார்ஜ் போட்டபடியே ஓட்டியிருக்கிறார். 310-ஆவது கிலோமீட்டரில் திரை அணைந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார். சார்ஜ் துளையின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்ததே என்று வருத்தப்பட்டார். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினால் தாங்கும் என்ற சோதனை. ரப்பர் மூடியைத் திறந்து கேபிள் செருகிய நிலைக்கும், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீருக்கும் அந்த உத்தரவாதம் பொருந்தாது. மழை நிற்கும்வரை சார்ஜ் போடாதீர்கள். முடியாது என்றால் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கி அரை மணி நேரம் போடுங்கள். மூடியில்லாமல் திறந்தே இருக்கும் துளை என்றால், நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே கேபிளைச் செருகுங்கள்.

அடுத்தது தூரம். வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. பேட்டரியை மிச்சப்படுத்த, சில கருவிகள் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் இடத்தைப் பதிவு செய்யும். அப்போது வளைவின் முனை வெட்டுப்பட்டு, தூரம் குறைந்து தெரியும். அமைப்புகளில் ஒரு நொடிக்கு ஒரு பதிவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாறைச் சுவரும் அடர்ந்த மரமும் இருக்கும் இடத்தில் செயற்கைக்கோள் அலைகள் பட்டுத் திரும்பி வருவதால், வரைபடத்தில் நீங்கள் போன பாதையின் கோடு சாலையை விட்டு விலகும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் வாங்கும் கருவிகள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன. மலை ஏறுபவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். சமவெளியிலேயே ஓட்டுபவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

தூரம் சரியாகத் தெரிய, அதைவிடக் குறைந்த செலவில் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் ஒரு வேக சென்சார் மாட்டலாம். ஆனால் டயர் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 700×25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 700×32-க்கு 2155. 25-லிருந்து 32-க்கு டயரை மாற்றிவிட்டு, கருவியில் சுற்றளவை மாற்ற மறந்தால் 100 கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் குறைத்துக் காட்டும். உயரத்தைக் காற்றழுத்தம் வைத்துக் கணக்கிடும் கருவியில், அந்தச் சின்னத் துளையை வியர்வை உப்போ மழைத்துளியோ அடைத்தால் ஏற்றக் கணக்கு தப்பாகும். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போதும், ஊசியால் குத்தாதீர்கள்.

திரையைக் கடைக்குள் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெளியே எடுத்துப்போய் உச்சி வெயிலில் பாருங்கள். விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். மழைத்துளி விழுந்தாலே பக்கம் மாறுகிற தொடுதிரையோடு இறக்கத்தில் இறங்குவது ஆபத்து, கண் சாலையில் இருக்காது. நான் பொத்தான் உள்ளவற்றையே பரிந்துரைக்கிறேன்.

2020 ஜூலையில் சைபர் தாக்குதலால் கார்மினின் இணையச் சேவைகள் பல நாள் முடங்கின. அப்போதும் ஓட்டப் பதிவுகள் கருவிக்குள் பத்திரமாகவே இருந்தன, கேபிள் போட்டு எடுத்துக்கொள்ள முடிந்தது. எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், செயலி இல்லாமல் கணினியில் ஃபைலை எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால், இங்கே வாரண்டி செல்லுமா, இந்திய வரைபடம் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கருவியை ஹேண்டில்பாரில் பொருத்தும் மவுண்ட். அதில் பூட்டும் பிளாஸ்டிக் பல் தேய்ந்தால் மேடுபள்ளத்தில் கருவி கழன்று விழும். பெட்டியோடு ஒரு சின்னக் கயிறு கொடுத்திருப்பார்கள், பலர் அதைப் பிரிப்பதே இல்லை. அதை ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். கயிறு இல்லாமல் வந்தால் என்னிடம் கேளுங்கள், பட்டறையில் எப்போதும் சில வைத்திருக்கிறேன்.