ஏறும்போது வண்டி, இறங்கும்போது நடை

எங்கள் பிசியோதெரபி கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. அதிலும் எனக்கு ஒரு வசதி. சிகிச்சை முடிந்து போகிறவர் படி இறங்கும் சத்தத்தை உள்ளே உட்கார்ந்தபடியே கேட்பேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி, தொம் தொம்மென்று இறங்கினால் அவருடைய தொடைத் தசைக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

போன செப்டம்பரில் அப்படி இறங்கியவருக்கு 46 வயது. காஷ்மீரில் சோனாமார்க்கில் தொடங்கி, விஷன்சர், கட்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகப் பார்த்துக்கொண்டே போய் நாராநாகில் இறங்கும் மலைப்பாதையை நடந்துவிட்டு வந்திருந்தார். ஆட்டு மந்தையும் குதிரைக்காரரும் தவிர வழியில் ஆளே இல்லை, அப்படி ஓர் அமைதி என்றார். "ஆறு மாசம் ரேஸ்கோர்ஸ்ல தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடந்தேன் சார், 4,200 மீட்டர் கணவாயையே ஏறிட்டேன், கடைசி நாள்தான் கவுத்திருச்சு."

கவிழ்க்காமல் என்ன செய்யும்? கங்காபல் ஏரி சுமார் 3,570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து நாராநாகுக்கு 1,200 மீட்டருக்கு மேல் செங்குத்தான இறக்கம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர்; அதைப்போல் 23 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியிலிருந்து ஒரே நாளில் இறங்கிப் பாருங்கள்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது, மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துதான் உச்சத்துக்குப் போகும். தசை சோர்ந்துபோனால் அந்தப் பாரத்தை முழங்கால் சிப்பி வாங்கிக்கொள்கிறது. சமதரையில் எத்தனை மாதம் நடந்தாலும் இந்த பிரேக் பழகாது.

ஆனால் தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒருமுறை இறங்கி வலித்துச் சரியானால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவாக வலிக்காது. அதனால் மலைப்பயணம் போகிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம் விநோதமாக இருக்கும்: அழகர்மலைக்குப் போங்கள், மேலே ராக்காயி அம்மன் கோயில் இருக்கும் நூபுர கங்கை வரை வண்டியில் ஏறுங்கள், கீழே நடந்து வாருங்கள். நம் ஆட்கள் பயிற்சி என்று நேர்மாறாகத்தான் செய்கிறார்கள், வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு வண்டி பிடித்து இறங்கிவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை, நான்கைந்து வாரம் போதும், கடைசி இறக்கம் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். (கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்குகள் விடாது.) வீட்டில் என்றால், ஒரு படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் குதிகாலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்குங்கள். நிற்கிற கால் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள், காஷ்மீர் போய் வந்தவருக்கு நன்றாகவே சாய்ந்தது. மலையில் இரண்டு ஊன்றுகோல் இருக்கட்டும், இறக்கத்தில் அவற்றைச் சற்று நீளமாக்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். வலி மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு இறங்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, தண்ணீர் குறைவாகக் குடித்த உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இறங்கிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் என்னிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சு விஷயம் தனி. மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும், கொடைக்கானலே அதற்குக் கீழே இருக்கிறது, ஆகவே இங்கே எந்த மலையில் பழகியும் அதற்குப் பயனில்லை. 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடுராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

அவர் மறுபடி போகப்போகிறார். இப்போது ஞாயிறுதோறும் அழகர்மலைதான். போன வாரம் வேன்காரர் கேட்டாராம்: "மேல போகத்தான் வர்றீங்க, இறங்குறப்ப ஆளையே காணோமே, ராக்காயி அம்மன் கோயில்லயே தங்கிர்றீங்களாண்ணே?"