வரி விளம்பரமா, வகை விளம்பரமா?

மதுரையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த மூன்று வரி பழக்கம்: 'வில்லாபுரம், கிழக்குப் பார்த்த தனி வீடு, 2 பெட்ரூம், நல்ல தண்ணீர் வசதி. ஒத்திக்கு. புரோக்கர்கள் தவிர்க்கவும்.' நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் இதைத்தான் 'கிளாசிஃபைடு' என்கிறோம். இப்போது அதுவே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 'ஓ.எல்.எக்ஸ்.ல போடுங்க, நாளைக்கே போயிரும்' என்பது ஊரில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: வரி விளம்பரம், சிறு விளம்பரம், வகைப்படுத்தப்பட்ட விளம்பரம். எதைக் கொள்வது என்று பார்ப்பதற்கு முன், இந்தச் சொல்லை ஒட்டி எழுந்த ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். 'இலவச விளம்பரத் தளம் விளம்பரம் போடலாமா?' தமிழில் இப்படிக் கேட்டால் கேள்வியே குழம்பிப்போகிறது. விளம்பரத்துக்கென்றே இருக்கும் தளத்தில் விளம்பரம் போடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். வீடு, வாகனம் என்று ஆட்கள் தாங்களே போடுவதும் விளம்பரம்தான், நிறுவனங்கள் காசு கொடுத்துப் பக்கத்தின் குறுக்கே காட்டுவதும் விளம்பரம்தான். இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே சொல்லை வைத்திருப்பதால் வரும் சிக்கல் இது.

முதலில் வேர். கிளாசிஃபைடு என்பதன் அடியில் இருப்பது 'கிளாசிஸ்' என்ற இலத்தீன் சொல். பழைய ரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்துப் பிரித்த பிரிவுக்கு அந்தப் பெயர். படைக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும், யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவைப் பொறுத்தது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இனம் இனமாகப் பிரித்து வைத்தது என்ற பொருளில் நிலைத்தது. வீடு ஒரு தலைப்பில், வேலை ஒரு தலைப்பில், வாகனம் ஒரு தலைப்பில் என்று அடுக்கிய விளம்பரம் அப்படித்தான் இந்தப் பெயரைப் பெற்றது.

தமிழில் இதற்கு நேரான வேர் 'வகு'. வகுத்தல், வகுப்பு, வகை எல்லாம் அதிலிருந்து வந்தவை. அப்படியிருக்க, 'வகைப்படுத்தப்பட்ட' என்று ஐந்து அசை கூடுதலாக இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. கட்டண விளம்பரம், காட்சி விளம்பரம் என்கிறோமே, அந்த அச்சில் 'வகை விளம்பரம்' தானாக வந்து உட்கார்கிறது.

வரி விளம்பரம் நாளிதழ் அலுவலகங்கள் தந்த பெயர். வரிக் கணக்கில் காசு வாங்கினார்கள். அதனால் வரி விளம்பரம். படமும் கட்டமுமாக இடத்தை அளந்து விற்பது காட்சி விளம்பரம். பிறரைப் பார்த்து எழுதாமல் தொழிலிலிருந்தே பிறந்த சொல் என்பதால் இதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. தினத்தந்தி 1942-ல் தொடங்கியது இந்த மதுரையில்தான். அச்சுத் தொழிலும் அதன் சொற்களும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. அச்சில் இந்தப் பெயரே தொடரட்டும். இணையத்தில் மட்டும் இது பொருந்தவில்லை. அங்கே வரிக்கு விலையில்லை. பத்து வரி எழுதினாலும், நான்கு படம் சேர்த்தாலும் ஒன்றுதான். போதாததற்கு, வரி என்றதும் வீட்டு வரி, தண்ணீர் வரிதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். இணையத்துக்கு வகை விளம்பரமே தகும்.

இனி 'விளம்பரம்'. விளம்பு என்றால் சொல், வெளிப்படையாக எடுத்துச் சொல் என்று பொருள். குமரிப் பக்கம் இலையில் சோறு பரிமாறுவதையும் விளம்புவது என்பார்கள். 'அட்வர்டைஸ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு திசையில் போகிறது. இலத்தீனில் அதற்கு 'ஒன்றை நோக்கித் திருப்பு' என்று பொருள். வேறெங்கோ இருக்கும் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பது. மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைத்தெருவில் பல கொடிகள் பறக்கின்றன. கள் விற்கும் இடத்தின் கொடியும் அவற்றில் உண்டு. அந்தக் கொடி, 'இங்கே இது கிடைக்கும்' என்று தேடி வருகிறவனுக்குச் சொல்லி நிற்கிறது. ஊர்ப்புறத்தில் தமுக்கடித்துச் சொன்னதும் அப்படிப்பட்ட விளம்புதல்தான். வகை விளம்பரம் இந்த மரபைச் சேர்ந்தது. வீடு தேடுகிறவர் படிக்கும்போது குறுக்கே வரும் கடன் விளம்பரமோ, கவனத்தைத் திருப்பும் மற்ற மரபைச் சேர்ந்தது.

வகை விளம்பரத்தை ஒருகாலத்தில் செய்திக்கும் மேலாக வைத்திருந்தார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். லண்டன் 'டைம்ஸ்' 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தைச் சிறு விளம்பரங்களுக்கே கொடுத்திருந்தது. சென்னையின் 'தி இந்து' முதல் பக்கமும் 1958 வரை விளம்பரப் பக்கமாகவே இருந்தது. வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தது அதையும் சேர்த்துத்தான்.

தொடக்கத்தில் சொன்ன கேள்வி பெரிதாக எழுந்தது அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வகை விளம்பரத் தளத்தை ஒட்டி. கிரெய்க் நியூமார்க் 1995-ல் சான் பிரான்சிஸ்கோ நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு இணையத்துக்கு வந்தது. 2006 டிசம்பரில் அதன் தலைமை நிர்வாகி ஜிம் பக்மாஸ்டர், நியூயார்க்கில் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் கூடிய மாநாட்டில் பேசினார். கூகுள் தரும் எழுத்து விளம்பரங்களை ஏற்றால் பணம் கொட்டுமே, ஏன் ஏற்கவில்லை என்று கேட்டார்கள். பயனர்கள் யாரும் எங்களிடம் விளம்பரம் கேட்கவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கூடியிருந்தவர்களுக்கு அது விளங்கவேயில்லை.

அந்தத் தளம் வருமானமே வேண்டாம் என்று இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் ஆள் எடுக்கும் நிறுவனம் ஒரு விளம்பரத்துக்கு 75 டாலர் கட்டியது; வேறு சில பெருநகரங்களில் கட்டணம் குறைவு. நியூயார்க்கில் வாடகை வீட்டுத் தரகர்களிடம் 10 டாலர் வாங்கினார்கள். சொந்த வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கும், பழைய மேசை விற்கிறவருக்கும், வேலை தேடுகிறவருக்கும் இலவசம். சில பேரின் கட்டணத்தில் எல்லோருக்குமான தளம் ஓடியது. நம்மூர்க்காரருக்கு இது புரியாத கணக்கல்ல. மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தின் பெயர். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீளக் கயிறு, அந்த வரிசை, மாட்டுச் சந்தை என்றெல்லாம் பொருள். மாட்டுச் சந்தையில் விற்க வருகிறவர் சுங்கம் கட்டுவார், தரகர் தன் தரகைப் பெறுவார். மாட்டைப் பார்க்க வந்தவரிடம் யாரும் எதுவும் வாங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கும் நேரத்தில் குறுக்கே வந்து வேறு பொருளை நீட்டுவதும் இல்லை.

என் எண்ணம் இதுதான்: இலவச வகை விளம்பரத் தளம் காட்சி விளம்பரத்தை ஏற்கக் கூடாது. காரணம் அழகுணர்ச்சியல்ல. தேடியது கிடைத்து, தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆள் வெளியேறிவிட்டால் வகை விளம்பரம் வென்றது என்று பொருள். காட்சி விளம்பரத்துக்கு ஆள் வெளியேறினால் நட்டம். அவர் இன்னும் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும், இரண்டு இடத்தில் தவறியாவது அழுத்த வேண்டும். ஒரே தளம் இந்த இரண்டையும் நம்பிப் பிழைக்கத் தொடங்கினால், எதிலிருந்து பணம் வருகிறதோ அதற்கேற்ப மாறிவிடும். தேடும் கட்டம் சிறுக்கும், முடிவுகளின் இடையே வேறு சரக்கு நுழையும். ஒத்திக்கு வீடு தேடுகிற குடும்பம் லட்சக்கணக்கான ரூபாயை ஒரே தவணையில் கொடுக்கப் போகிறது. எது வீட்டுக்காரர் எழுதியது, எது காசு கொடுத்து நுழைந்தது என்று அவர்களைத் திகைக்கவைப்பது அநியாயம்.

மறுபக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு. விளம்பரத்தை ஏற்று, வரும் பணத்தை நல்ல காரியங்களுக்குக் கொடுக்கலாமே என்றார்கள். அதிலும் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தால் நாளிதழ்கள் இழந்தது கொஞ்சமல்ல. 2000 முதல் 2007 வரை வகை விளம்பரம் கொடுத்தவர்களுக்குக் கிரெய்க்ஸ்லிஸ்ட் மிச்சப்படுத்திய தொகை சுமார் 500 கோடி டாலர் என்று இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவ்வளவும் நாளிதழ்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம். செய்தியாளர் சம்பளமும் அதில் அடக்கம். இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அந்த இழப்பை வீடு தேடுகிறவரின் கண்ணை மறைத்து ஈடுகட்டுவது சரியல்ல. விளம்பரம் ஏற்காமலே நியூமார்க் பெருஞ்செல்வரானார். 2018-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு 2 கோடி டாலர் கொடுத்தார். கொடுக்க நினைப்பவருக்கு வேறு வழிகளும் இருக்கின்றன.

'இலவசம்' பற்றி ஒரு சொல். 2011-க்குப் பின் அரசுத் திட்டங்களில் 'விலையில்லா' என்ற சொல் பரவியது. இங்கே எனக்கு இலவசமே போதும் என்று தோன்றுகிறது, யாருக்கு இலவசம் என்பதைத் தளம் சொல்லிவிடும்வரை.

சொற்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். அச்சில் வருவது வரி விளம்பரம். இணையத்தில் வகை விளம்பரம். அந்தத் தளம் வகை விளம்பரத் தளம். அதில் ஒருவர் ஏற்றும் தனி விளம்பரத்தை 'லிஸ்டிங்' என்கிறார்கள், 'பதிவு' என்றால் போதும். குறுக்கே வருவது காட்சி விளம்பரம். பணம் வாங்கிக்கொண்டு ஒரு பதிவை மேலே ஏற்றுவதை 'ஃபீச்சர்டு' என்று மூடி வைக்காமல், 'கட்டணப் பதிவு' என்று அதன் தலையிலேயே எழுத வேண்டும். வகைகளின் பெயரும் ஊர்ப் பெயராக இருக்கட்டும். வாடகைக்கு, விற்பனைக்கு என்ற இரண்டுக்கும் நடுவே 'ஒத்திக்கு' என்ற வகை இல்லாத தளத்தில் மதுரைக்காரர் தன் வீட்டை எந்தத் தலைப்பில் போடுவார்?