சாரிசார்ட் ஏன் வருவதில்லை?

போக்கிமான் சீட்டு விளையாட்டின் முதல் தொகுப்பை மட்டும் வைத்து நண்பர்களோடு விளையாடும் வாசகர் ஒருவர், தன் சீட்டுக்கட்டில் சாரிசார்ட் என்ற வலிமையான நெருப்புப் போக்கிமானின் சீட்டு நான்கு இருந்தும் தேவையான நேரத்தில் ஒன்றுகூடக் கைக்கு வருவதில்லை என்றும், இது தன் ராசியா அல்லது கணக்கா என்றும் கேட்டிருக்கிறார். கணக்குதான், அதுவும் பள்ளியில் படித்த பின்னங்களைத் தாண்டாத கணக்கு.

ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில் வெளியான அந்த முதல் தொகுப்பில் மொத்தம் 102 சீட்டுகள்: 69 போக்கிமான், ஆட்டத்தில் உதவும் 26 பயிற்சியாளர் சீட்டுகள், தாக்குவதற்குத் தேவையான 7 ஆற்றல் சீட்டுகள். கட்டில் சரியாக 60 சீட்டு இருக்க வேண்டும். அடிப்படை ஆற்றலைத் தவிர வேறு எதுவும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுத்துக்கொள்ளப் பரிசாகக் கவிழ்த்து வைப்பவை ஆறு. பல ஆண்டுகள் வளர்ந்த விளையாட்டில் ஒரே வேலையைச் செய்யும் எட்டுப் பத்துச் சீட்டுகள் வெவ்வேறு பெயர்களில் கிடைத்துவிடும் என்பதால் நான்கு என்ற வரம்பு அவ்வளவாக உறுத்தாது. 102 சீட்டுகளுக்குள் அந்த வசதி இல்லை. ஆகவே எது வலிமையானது என்பதைவிட எது நேரத்துக்கு வந்து சேரும் என்பதே இங்கே கட்டைத் தீர்மானிக்கிறது.

நான்கு பிரதிகள் உள்ள ஒரு சீட்டு முதல் ஏழில் வராமல் போகும் வாய்ப்பைப் பார்ப்போம். வழக்கமான முறையில், முதலில் எடுப்பது நாம் தேடும் சீட்டாக இல்லாதிருக்க 56/60, அடுத்ததற்கு 55/59 என்று ஏழு பின்னங்களைப் பெருக்க வேண்டும். இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இன்றுவரை அலுக்காத விஷயம். கலைத்த கட்டை 60 இருக்கைகள் கொண்ட பேருந்தாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் இருக்கும் ஏழு இருக்கைகள் நம் கை; நான்கு சாரிசார்ட்டுகளும் பயணிகள். முதல் பயணி பின்பக்கத்து 53 இருக்கைகளில் ஒன்றில் அமரும் வாய்ப்பு 53/60. அவர் அமர்ந்த பிறகு அடுத்தவருக்கு 52/59, பிறகு 51/58, கடைசியாக 50/57. ஏழு பின்னங்களுக்குப் பதில் நான்கே பின்னங்கள், விடையோ அணுவளவும் மாறுவதில்லை: சுமார் 60 விழுக்காடு. நான்கையும் வைத்திருந்தாலும் தொடக்கக் கையில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 40 விழுக்காடுதான். புள்ளியியலார் இதற்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெயர் வைத்து மிரட்டுகிறார்கள், பயந்துவிட வேண்டாம்.

இருக்கைக் கணக்கு பரிசுச் சீட்டுக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறது. கவிழ்த்து வைத்த ஆறும் அதே பேருந்தின் ஆறு இருக்கைகள்தான். கட்டில் ஒரே பிரதியாக வைத்த சீட்டு அங்கே போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 6/60, அதாவது பத்து ஆட்டத்தில் ஒன்று. அந்த ஒரு சீட்டை நம்பியே திட்டம் போட்டவர் அந்த ஆட்டத்தில் திட்டமில்லாமல்தான் ஆட வேண்டும்.

ஒரே பெயரை அல்லாமல், ஏதாவது ஓர் அடிப்படைப் போக்கிமான் என்பதுபோல ஒரு வகையைத் தேடி நான்கை எட்டாக்கினால் 40 விழுக்காடு 65 ஆகிறது. பன்னிரண்டுக்கு 81, பதினாறுக்கு 90. ஒவ்வொரு நான்கும் முந்தைய நான்கைவிடக் குறைவாகவே சேர்க்கிறது. அடிப்படைப் போக்கிமான் என்பது வேறொன்றிலிருந்து வளராமல் நேரடியாகக் களத்தில் இறங்குவது; தொடக்கக் கையில் அது ஒன்றுகூட இல்லையென்றால் மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். எதிராளிக்கு அதனால் கூடுதல் சீட்டு கிடைக்கும். எட்டு அடிப்படைப் போக்கிமான்களோடு ஆடுபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஓர் ஆட்டம் இப்படித்தான் தொடங்கும்.

இனி சாரிசார்ட்டுக்கு வருவோம். 120 உயிர்ப்புள்ளிகள், நூறு புள்ளிச் சேதம் என்று பார்க்கக் கம்பீரமானதுதான். ஆனால் நேர்வழியில் அது களத்துக்கு வர ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரிணமிக்கும் சார்மாண்டர், சார்மீலியன், சாரிசார்ட் என்ற மூன்றும் வேண்டும். தாக்குவதற்கு நான்கு நெருப்பு ஆற்றல் வேறு. மூன்றிலும் நான்கு நான்கு வைத்து, முறைக்கு ஒரு சீட்டாக எடுத்து மூன்றாம் முறைக்குள் பத்துச் சீட்டுகளைப் பார்த்திருந்தால், ஒவ்வொன்றும் வந்திருக்கும் வாய்ப்பு தனித்தனியே சுமார் 53 விழுக்காடு. மூன்றும் சேர்ந்து வந்திருக்கும் வாய்ப்போ 12.6 விழுக்காடு. 53-ஐ மூன்று முறை பெருக்கினால் ஏறத்தாழ 15 வரும். உண்மை அதற்கும் கீழே இருக்கக் காரணம், ஒரு சார்மாண்டர் பிடித்த இருக்கையில் சார்மீலியன் உட்கார முடியாது என்பதுதான். பன்னிரண்டு இடங்களைச் செலவழித்து எட்டு ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் குறித்த நேரத்தில் வரும் வீரனை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அக்காலத்து ஆட்டக்காரர்களும் வைத்துக்கொள்ளவில்லை. ஹிட்மோன்சான், எலக்டபஸ் போன்ற பரிணாமம் தேவைப்படாத போக்கிமான்களை நம்பிய ஹேமேக்கர் என்ற கட்டு புகழ்பெற்றதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஹிட்மோன்சானுக்கு 70 உயிர்ப்புள்ளி; ஒரே ஆற்றலில் 20 புள்ளி அடிக்கும். அதற்குத் துணையாக வந்தது கையை முழுதும் எறிந்துவிட்டு ஏழு புதிய சீட்டுகள் எடுக்கச் சொல்லும் புரொஃபசர் ஓக் என்ற பயிற்சியாளர் சீட்டு. முதல் முறையில் எட்டுச் சீட்டு கையில் இருக்கும்போது ஓக்கை ஆடினால், ஓக் பிடித்த இருக்கை போக, மீதி 59-இல் 14 இருக்கைகளைப் பார்த்துவிடுகிறோம். தேடும் நான்கில் ஒன்றாவது கண்ணில் படும் வாய்ப்பு 67 விழுக்காடாகிறது. அன்றைய விதிப்படி ஒரே முறையில் எத்தனை பயிற்சியாளர் சீட்டுகளையும் ஆடலாம். கையில் உள்ளதை முதலில் களத்தில் இறக்கிவிட முடிந்தால்தான் எறிவது நஷ்டமாகாது. அடிப்படைப் போக்கிமான்களை உடனே இறக்கலாம், சார்மாண்டருக்காகக் காத்திருக்கும் சாரிசார்ட்டோ குப்பைக்குத்தான் போகும்.

ஆற்றல் சீட்டுகளை ஆட்டத்துக்கு முன் சீரான இடைவெளியில் செருகி வைப்பதாகவும் அந்த வாசகர் எழுதியிருக்கிறார். பலரிடமும் உள்ள சடங்கு இது. பிறகு நன்றாகக் கலைத்தால் அந்தச் செருகலுக்கு எந்தப் பயனும் இல்லை. பயன் இருந்தால் கட்டு கலையவில்லை என்று பொருள், அது மோசடி. இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாக விழவைத்துக் கலைக்கும் முறையில் 52 சீட்டுகளுக்கு ஏறத்தாழ ஏழு முறை தேவை என்று 1992-இல் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் நிறுவினார்கள். சீட்டுக் கலைப்பதற்கெல்லாம் ஆராய்ச்சியா, அதற்கும் பணமா என்று முகம் சுளிப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். 60 சீட்டுகளை மூன்றே முறை புரட்டிவிட்டு ராசியைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.