என்கொமியெந்தா: தமிழில் என்ன சொல்லலாம்?

பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆட்சிக்கால வரலாற்றில் அடிக்கடி வரும் சொல் என்கொமியெந்தா. 'நில மானியம்' என்று எழுதிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். அது தவறு. சட்டப்படி இதில் ஒரு அடி நிலம்கூடக் கைமாறவில்லை.

ஸ்பானிய மொழியில் 'என்கொமெந்தார்' என்றால் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தல். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் இது. ஒப்படைக்கப்பட்டவர்கள் குடிகள். மன்னருக்குச் சேர வேண்டிய திறையை ஓர் ஊராரிடம் தானே தண்டிக்கொள்ளும் உரிமை, படையெடுப்பில் உதவியவருக்குப் பரிசாகக் கிடைத்தது. பதிலுக்கு அவர் அந்த மக்களைக் காக்க வேண்டும், கிறிஸ்தவ போதனைக்கு வழிசெய்ய வேண்டும். மெக்சிகோ, பெரு நாடுகளில் நடந்த இந்த முறையை, 1565இல் செபு தீவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி பிலிப்பைன்ஸிலும் புகுத்தினார். 1591 கணக்குப்படி 267 என்கொமியெந்தாக்கள். அவற்றில் 31 மட்டுமே மன்னருக்கு நேரடியாக உரியவை.

திறை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 8 ரெயால், அதாவது 1 பெசோ. 1589இல் அது 10 ரெயால் ஆனது. நெல், துணி, மெழுகு, பொன் என்று பொருளாகவும் கட்டலாம். கொடுமை அங்கேதான் புகுந்தது. விளைச்சல் கொழித்த ஆண்டில் பணம் கேட்பார்கள், நெல் அருகிய ஆண்டில் நெல்லே கேட்பார்கள். அளக்கும் மரக்காலும் அவர்களுடையது. மணிலாவின் முதல் பிஷப் தொமிங்கோ தெ சலாசார் இந்த அநியாயங்களை 1583இல் மன்னருக்கே எழுதினார்.

ஆகவே 'திறையுரிமை' என்பதே பொருந்தும். அடங்கியவர் கட்டுவது என்ற பொருள் 'திறை'யில் இருக்கிறது. 'வரி'யில் அது இல்லை. அதிகாரிகளுக்கு விட்டுக்கொடுத்த வரிவசூல் உரிமையான 'ஜாகீர்' நெருங்கி வரும், ஆனால் முகலாயர் வாடையைக் கூட்டி வந்துவிடும். மணிலாவைச் சுற்றித் துறவியர் சபைகள் சேர்த்த பெரும் பண்ணைகள் வேறு; 'நிலக்கொடை' என்ற சொல்லை, ஆதியில் கொடையாகக் கிடைத்த அத்தகைய நிலங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கூடவே வரும் இரண்டு சொற்கள். 'போலோ' என்பது 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் செய்த கட்டாய வேலை. நம் கல்வெட்டுகளில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் 'வெட்டி' இதற்குப் பொருந்தும். 'பந்தாலா'வுக்கு மூலம் தகாலோக் மொழியின் 'மந்தாலா', அதாவது நெற்போர். அரசு விலை வைத்து நெல்லைக் கட்டாயமாக வாங்கியது, பணத்தைப் பாக்கி வைத்தது. 'கட்டாயக் கொள்முதல்' என்றால் போதும். போலோவில் மரம் வெட்டப் போனவர்களுக்குத் தராத கூலியும் இந்த நெல் பாக்கியும் சேர்ந்துதான் 1660இல் பம்பாங்கா மாகாணத்தில் கலகம் மூண்டது.

திறை 1884இல் ஒழிந்து, தலைக்கு வரி கட்டி வாங்கும் 'செடுலா' என்ற அடையாளச் சீட்டு வந்தது. 1896 ஆகஸ்டில், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த ரகசியச் சங்கமான கத்திபுனானின் புரட்சியாளர்கள் கிழித்தெறிந்தது அந்தச் சீட்டைத்தான். இன்றும் பிலிப்பைன்ஸ் நகராட்சிகள் கொடுக்கும் சமூக வரிச் சான்றிதழை மக்கள் செடுலா என்றே சொல்கிறார்கள்.